பாலு யாருடைய ஆள்?

பொங்கல் நெருங்கினால் சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையின் இரண்டு பக்கமும் ஃபிளெக்ஸ் போர்டுகள் முளைத்துவிடும். கபடிப் போட்டி, கைப்பந்துப் போட்டி, டென்னிஸ் பால் கிரிக்கெட். முதல் பரிசு இவ்வளவு, நுழைவுக் கட்டணம் இவ்வளவு, உபயம் இன்னார். எங்கள் கீரப்பாளையம் ஒன்றியத்தில் இந்தப் போட்டிகள் நடக்கும் நாட்களில் பரிசுத்தொகையை விட அதிகமாகப் பேசப்படுவது ஒரு விஷயம்தான்: நம்ம பையன் ஏன் அந்த ஊர் டீமுக்கு ஆடுறான்?

நன்றாகப் பாடிப் போகிறவன் ஒருவன் காலனியில் இருந்தால் அவனைத் தேடி நாலு ஊரிலிருந்து வண்டி வரும். அவன் போனால் வீட்டுப்பக்கம் ஒரு பேச்சு, "நம்மள விட்டுட்டுப் போயிட்டான்." அங்கே தோற்றுவிட்டால் கூப்பிட்டுப் போனவர்களிடம் வேறொரு பேச்சு, அதை இங்கே எழுத வேண்டியதில்லை. ஊர்த்தெருப் பையன் ஒருவன் சென்னைக் கல்லூரிக்கு ஆடப் போனால் "முன்னேறிட்டான்" என்கிறார்கள். காலனிப் பையன் அதே கல்லூரிக்குப் போனால் "நன்றி கெட்டவன்". ஒரே பேருந்து, ஒரே டிக்கெட், இரண்டு பெயர்.

கல்லூரி ஆட்டக்காரர்கள் அணி மாறுவது இன்று உலகம் முழுக்கச் சண்டைப் பொருள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைக் கைப்பேசியில் பார்க்கும் மாணவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற சொல் புதிதில்லை. அங்கே ஒரு மாணவர் ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனால், ஒரு பருவம் முழுக்க ஆடாமல் வெளியே உட்கார வேண்டும் என்று நீண்டகாலம் விதி இருந்தது. எந்தக் கல்லூரியோடு அவர் பேசலாம், பேசக்கூடாது என்பதைக்கூடப் பழைய பயிற்சியாளரால் தடுக்க முடிந்தது. 2018 அக்டோபரில் போர்ட்டல் வந்தபோது அனுமதி கேட்கும் வேலை ஒழிந்தது, இனி தகவல் சொன்னால் போதும். 2021இல் முதல் மாற்றத்துக்கு ஓராண்டுத் தண்டனை நீங்கியது. 2024இல், படிப்பில் தேர்ச்சி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றானது. ரசிகர்கள் கொதித்தார்கள். விசுவாசம் செத்துவிட்டது, காசுக்கு ஓடுகிறார்கள், பழைய காலம் போல் வருமா என்று புலம்பல். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய காலத்தில் பயிற்சியாளர்கள் கோடிக்கணக்கில் சம்பளம் பேசி நினைத்த கல்லூரிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் யாரும் ஓராண்டு வெளியே உட்காரவில்லை. மாணவனின் காலில் மட்டும்தான் விசுவாசம் என்ற சங்கிலி கட்டப்பட்டிருந்தது.

போகிறவனைத் துரோகி என்று கூட்டம் கத்தும்போது, இருந்த இடத்தில் அவனுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியோடு நம் வரலாற்றைப் புரட்டினால் முதலில் எதிர்ப்படுகிற ஆள் பல்வாங்கர் பாலு.

கிரிக்கெட் என்றால் உயிரை விடுகிற பையன்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்திருக்கிறோம், பத்தில் எட்டுப் பேர் முழிக்கிறார்கள். இந்தியா உருவாக்கிய முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் அவர். 1876இல் தார்வாடில் பிறந்தவர். தோல் தொழிலோடு முடிச்சுப் போட்டு ஒதுக்கப்பட்ட சமார் சாதி. அப்பாவின் பிழைப்பு ராணுவத்தைச் சார்ந்து இருந்ததால் பையன் வளர்ந்தது பூனாவில். அங்கே பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தார். ஆட்டக்காரராக அல்ல. ஆடுகளத்தைப் பெருக்குவதும் உருளை இழுப்பதும்தான் வேலை, மாதம் 3 ரூபாய். உறுப்பினர்களுக்குப் பயிற்சிக்கு ஆள் இல்லாதபோது பந்து போடலாம்.

1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். அவருடைய முதல் மாற்றம் இதுதான், ஒரு ரூபாய்க்காக. வலை கட்டுவது, களத்தில் கோடு போடுவது, டென்னிஸ் களத்தைத் தயார் செய்வது என்று வேலை மட்டும் கூடியது. ஜே. ஜி. கிரெய்க் என்ற பேர்பெற்ற ஆங்கிலேய மட்டையாளருக்கு அங்கே மணிக்கணக்கில் பந்து போட்டார். பாலு தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு முறைக்கும் கிரெய்க் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. நமக்கு முக்கியமானது கதை அல்ல, பாலுவின் வரலாற்றை எழுதிய இராமச்சந்திர குகா பதிவு செய்திருக்கும் இன்னொரு செய்தி: அந்தக் கிளப்பில் இருந்த ஆண்டுகளில் பாலுவின் கையில் ஒருமுறைகூட மட்டை கொடுக்கப்படவில்லை. ஆயிரக்கணக்கான பந்து வீசியவர் ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை. பந்து வீசுவது உழைப்பு, அதை யாரும் செய்யலாம். மட்டை பிடிப்பது துரைமாருக்கு. வயலில் யார் குனிகிறார்கள், வரப்பில் யார் குடை பிடித்து நிற்கிறார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பூனாவில் இந்துக்களின் கிளப் ஒன்றும் இருந்தது. வெள்ளையரை ஆட்டத்தில் வென்றாக வேண்டும் என்ற வேகம் அதற்கு. வெள்ளையரின் சிறந்த மட்டையாளரைத் தினமும் திணறடிக்கிற ஒருவன் பக்கத்திலேயே இருக்கிறான், ஆனால் அவன் தீண்டத்தகாதவன். கிளப்புக்குள் சண்டை மூண்டது. சேர்த்துக்கொள்ளலாம் என்றனர் சிலர், பிராமண உறுப்பினர்கள் கூடாது என்றனர். பாலுவை ஒதுக்கினால் இந்துக்கள் முட்டாள்கள் என்ற பொருளில் கிரெய்க் பத்திரிகைக்குச் சொன்னார். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். சாதியை விட வெற்றியின் ஆசை ஒரு விரல்கடை பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

சேர்த்துக்கொண்டது எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். களத்தில் எல்லோரும் அவர் தொட்ட பந்தையே தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் போய்ப் பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலுவுக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளையில். சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில். முகம் கழுவ வேண்டும் என்றால் தீண்டத்தகாத வேலைக்காரர் ஒருவர் மைதானத்தின் மூலைக்குத் தண்ணீர் எடுத்து வந்து ஊற்றுவார். பந்துக்குத் தீட்டில்லை, குவளைக்கு உண்டு. டீக்கடை இரட்டைக் குவளை பற்றி ஆய்வறிக்கை எழுதும் மாணவர்கள் இந்த மைதானக் குவளையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பாலு விக்கெட்டுகளை எடுத்துக்கொண்டே இருந்தார். சத்தாராவில் வெள்ளையர் அணி இவருக்குப் பயந்து ஆடுகளத்தை ஒரு வாரம் உருளை போட்டு இறுக்கி வைத்தது. அதிலும் 7 விக்கெட். திரும்பி வந்தபோது பூனாவில் பாராட்டு விழா, மகாதேவ் கோவிந்த் ரானடே மாலை போட்டார், இன்னொரு கூட்டத்தில் திலகர் புகழ்ந்தார். மாலை கழுத்துக்கு வந்தது, பீங்கான் கோப்பை கைக்கு வர இன்னும் காலம் ஆனது.

பிளேக் நோய் பூனாவை உலுக்கிய ஆண்டுகளுக்குப் பிறகு குடும்பம் பம்பாய்க்குப் போனது. ராணுவத்தில் வேலை, பிறகு ரயில்வேயில். இரண்டு இடத்திலும் அணி இருந்தது. பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானாவிலும் சேர்ந்தார், அங்கேயும் முதலில் முணுமுணுப்புகள் எழுந்து அடங்கின. பூனாவில் அவரைக் கூட்டிவைத்து ஆடியவர்களுக்கு இது இழப்பு. ஆனால் பெரிய நகரத்தின் பெரிய கிளப்பில் மற்ற ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் நிலை அவருக்கு வந்தது. அவர் பூனாவிலேயே விசுவாசமாக இருந்திருந்தால்? மண் குவளை மாறியிருக்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியரும் மோதினார்கள். இந்துக்கள் 242, ஐரோப்பியர் 191. இரண்டாம் ஆட்டத்தில் இந்துக்கள் 160, ஐரோப்பியர் 102. 109 ரன்னில் வெற்றி. பாலு எடுத்தது 8 விக்கெட். தம்பி சிவராமும் அதே அணியில். நாடு முழுக்கக் கொண்டாட்டம். சீர்திருத்த ஏடான 'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்' மட்டும் வேறொன்றைக் கவனித்தது: வெள்ளையரை வென்றதை விட, சமார் சகோதரர்களை அணியில் சேர்த்து உடன் உண்டதுதான் பெரிய செய்தி என்ற பொருளில் எழுதியது. கூட்டத்துக்கோ பாலு அன்று "நம்ம ஆள்". இந்த "நம்ம" என்ற சொல்லைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் தேவைப்படும்.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் ஓர் இந்திய அணி இங்கிலாந்து போனது. மகாராஜா பெரும்பாலான ஆட்டங்களில் இறங்கவே இல்லை, விருந்துகளுக்கே அவருக்கு நேரம் போதவில்லை. அணி நிறையத் தோற்றது. 35 வயதுப் பாலு மட்டும் 114 விக்கெட் எடுத்தார். ஊர் திரும்பியதும் பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் வரவேற்பு விழா நடத்தினார்கள். அந்த விழாவின் வரவேற்புரையோடு எல்ஃபின்ஸ்டன் கல்லூரி மாணவர் ஒருவரின் பெயரைக் குகா இணைக்கிறார். அவர் பீமராவ் அம்பேத்கர். நம்மவர்களில் நாடறிந்த முதல் நாயகன் ஓர் ஆட்டக்காரர் என்பதையும், இளம் அம்பேத்கர் அவரைப் பார்த்துப் பெருமைப்பட்டவர் என்பதையும் நம் மேடைகளில் ஏன் சொல்வதில்லை? காரணம் இருக்கிறது, வருகிறோம்.

இவ்வளவு செய்தவருக்குத் தலைமைப் பதவி? கிடைக்கவில்லை. தலைவராக இருந்த எம். டி. பை என்ற பிராமணரே 1913இல் ஒரு பாராட்டு விழாவில், மூத்தவரான பாலுவுக்குத்தான் இந்தப் பெருமை போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். தேர்வாளர்கள் காதில் விழவில்லை. 1920இல் பை உடல்நலமின்றி இருந்தபோது இடம் காலியானது. பூனா பிராமணரான தேவ்தரைத் தலைவராக்கி, பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். பாலுவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டிய வயது, அதனால் அணியில் இடமில்லை என்று ஒரு வாதம் வைக்கலாம். ஆனால் தம்பிகள் சிவராமும் விட்டலும் அணியில் இருந்தார்களே, இருவரும் தேவ்தரை விட மூத்த ஆட்டக்காரர்கள். அவர்கள் பெயர் ஏன் பரிசீலனைக்கு வரவில்லை?

இருவரும் அணியை விட்டு வெளியேறினார்கள். சும்மா போகவில்லை, காரணத்தை எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்: தகுதி அல்ல, சாதியே தீர்மானித்திருக்கிறது, இந்த அவமானத்தைப் பொறுக்க முடியாது என்று. விளையாட்டு மைதானத்தில் தலித்துகள் நடத்திய வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்லலாம். அந்த மாதம் நாகபுரியில் காங்கிரஸ் மாநாடு, தீண்டாமை ஒழிய வேண்டும் என்று தீர்மானம். வெளியே ஊர் பேச, உள்ளே ஜிம்கானா நெளிந்தது. பார்சிகளுக்கு எதிரான இறுதி ஆட்டத்துக்கு முன் பை குணமாகித் திரும்பினார். பாலுவைத் துணைத் தலைவராக அழைத்தார்கள், தம்பிகளும் வந்தார்கள். ஆட்டத்தின் நடுவே பை களத்தை விட்டு வெளியேறி நின்றார். அந்தக் கொஞ்ச நேரம் இந்துக்களின் அணியைப் பாலு நடத்தினார். இருபது ஆண்டு உழைப்புக்குக் கிடைத்தது கொஞ்ச நேரத் தலைமை. 1923இல்தான் விட்டல் முறையாகத் தலைவரானார், அந்த ஆண்டே ஐரோப்பியரை வென்று கோப்பை எடுத்தார், கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது. (1973இல் தேவ்தர் பெயரில் தேசியக் கோப்பை தொடங்கப்பட்டது. பாலு பெயரில் அப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை.)

இந்த வரலாற்றை வரிசையாகப் பாருங்கள். மூன்று ரூபாய் நாலானது இடம் மாறியதால். மைதானத்தில் உருளை இழுத்தவர் ஆட்டக்காரரானது, வெள்ளையர் கிளப்பிலிருந்து ஒருவரை இழுக்க இந்து கிளப்புக்குத் தேவை இருந்ததால். தனி மேசை போனது ஊர் மாறியதால். தலைமை வந்தது தம்பிகள் வெளியேறியதால். இருந்த இடத்தில் பொறுமையாக இருந்ததற்காக யாரும் எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. சொத்து இல்லாதவனிடம், பதவி இல்லாதவனிடம் பேரம் பேச இருப்பது ஒன்றுதான், "நான் போய்விடுவேன்" என்பது. அதைத்தான் விசுவாசம் என்ற பெயரில் முதலில் பிடுங்குகிறார்கள்.

கறுப்பின மக்களின் கூடைப்பந்து வரலாறும் இதையேதான் சொல்கிறது. இண்டியானாபோலிஸ் நகரில் கறுப்பின மாணவர்களைத் தனியே ஒதுக்கி வைப்பதற்காகவே 1927இல் திறக்கப்பட்டது கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி. 1955இல் அந்தப் பள்ளி மாநிலக் கோப்பையை வென்றது. ஜெயிக்கிற அணி நகரின் நடுச் சதுக்கத்தில் கொண்டாடுவது அங்கே வழக்கம். இந்தப் பையன்களை மட்டும் சதுக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றவைத்து, கறுப்பின மக்கள் வாழும் பகுதிப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். நகரத்துக்கு முதல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்களுக்கு நகரத்தின் நடுவில் நிற்க இடமில்லை. தேர் வரும் தெரு எது, திரும்பும் முனை எது என்று நமக்குத் தெரியாதா?

அந்த அணியின் நாயகன் ஆஸ்கர் ராபர்ட்சன். சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேரவில்லை, பக்கத்து மாநிலத்துச் சின்சினாட்டிக்குப் போனார். அங்கேயும் சொர்க்கம் காத்திருக்கவில்லை. ஹூஸ்டனில் ஆடப் போனபோது அணி தங்கிய விடுதியில் அவருக்கு மட்டும் இடம் மறுக்கப்பட்டது. கறுப்பின மாணவர்களின் டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழக விடுதியில் படுத்துவிட்டு வந்து ஆடினார். மண் குவளைக்கு அங்கே தனிக் கட்டில் என்று பெயர். இதே ராபர்ட்சன் பின்னாளில் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத் தலைவராகி, ஆட்டக்காரரை ஒரே அணியோடு கட்டிப்போடும் ஒப்பந்த முறைக்கு எதிராக 1970இல் வழக்குப் போட்டார். 1976இல் சமரசத்தில் அந்த முறை உடைந்தது. இன்று கோடிகளுக்கு அணி மாறும் ஒவ்வொரு ஆட்டக்காரரும் அந்த வழக்கின் வாரிசு. சதுக்கத்திலிருந்து விரட்டப்பட்ட பையன்தான் போகும் உரிமைக்காகப் போராடினான் என்பதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறோம். பாலுவை நம் மேடைகளில் சொல்லாததற்குக் காரணம் இதுதான். 1932இல் தனித்தொகுதிப் பிரச்சினை வந்தபோது பாலு அம்பேத்கர் பக்கம் நிற்கவில்லை. நம் பரங்கிமலை எம். சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத்தொகுதிப் பக்கம் நின்றார். பூனா ஒப்பந்தத்தில் இருவர் கையெழுத்தும் உண்டு. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்க்கக் காங்கிரஸ் ஆள் தேடியது. மாளவியாவையா நிறுத்தினார்கள்? படேலையா? பாலுவை நிறுத்தினார்கள். அம்பேத்கர் 13,245, பாலு 11,225. வித்தியாசம் 2,020 ஓட்டு. தலித் தலைவருக்கு எதிராகத் தலித் நாயகன். இந்த வித்தையை நாம் இன்றும் ஒவ்வொரு தனித்தொகுதியிலும் பார்க்கிறோம்.

துரோகி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், நம் தோழர்கள் சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். நாங்கள் வேறுபடுகிறோம். பாலுவின் தவறு அவர் அணி மாறியது அல்ல. மாறாதது. 1906இல் வெள்ளையரை வென்று கொடுத்தபோது கூட்டம் சொன்ன "நம்ம" என்ற சொல்லை அவர் நம்பினார். இந்து ஜிம்கானா, இந்து அணி, இந்து வெற்றி. பல ஆண்டுகள் அந்தச் சட்டையில் ஆடியவர் அதையே தன் சட்டை என்று நினைத்தார். தட்டும் மேசையும் ஒவ்வொன்றாக மாறியதைக் கண்ணால் பார்த்தவருக்கு, உள்ளே இருந்தே எல்லாம் மாறும் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அவை மாறியது உள்ளே இருந்ததால் அல்ல, போகும் கால்கள் இருந்ததால்தான் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கிளப் கிளப்பாக மாறிய மனிதர், பெரிய கிளப்பை விட்டு மட்டும் வெளியேறவில்லை.

அம்பேத்கரோ 1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாகப் பிறந்தது என் கையில் இல்லை, இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்துவிட்டார். 1937 தேர்தலை அந்த ஒளியில் பார்த்தால், போகிறேன் என்றவருக்கும் இருக்கிறேன் என்றவருக்கும் நடந்த போட்டி அது. இயோலாவுக்குப் பிறகு எழுந்த கூச்சலைப் பழைய ஏடுகளில் தேடிப் படியுங்கள். நன்றியில்லாதவர், ஆசை காட்டி இழுக்கப்பட்டவர், விலை பேசுகிறவர் என்ற அத்தனை வசவுக்கும் இன்று அணி மாறும் மாணவன் மேல் விழும் வசவுக்கும் ஒரு சொல்கூட வித்தியாசம் கிடையாது. குவளையை மாற்றாதவர்கள் விசுவாசத்தைக் கேட்டார்கள். 21 ஆண்டுகள் பொறுத்து, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில், லட்சக்கணக்கானவர்களோடு அவர் சொன்னதைச் செய்தார். பாலு அதைப் பார்க்கவில்லை, முந்தைய ஆண்டு ஜூலையில் இறந்துவிட்டார். எம். சி. ராஜா அதற்கும் முன்பே பாடம் கற்றிருந்தார்: 1938இல் சென்னை சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவை, அவர் நம்பிய காங்கிரஸ் அரசே தோற்கடித்தது.

எங்கள் வட்டாரத்துக்காரர்களுக்குப் போவதைப் பற்றி ஒரு பழைய பெயர் தெரியும். ஆதனூரிலிருந்து தில்லைக்குப் போக ஆசைப்பட்டு, நாளைப் போவேன் நாளைப் போவேன் என்றே நாளைக் கழித்த நந்தனாருக்குப் பெரியபுராணம் தரும் பெயர் திருநாளைப்போவார். கடைசியில் போனபோது நெருப்பில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது. பக்தியின் உச்சம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதே நந்தன் பெயரில் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் பள்ளி தொடங்கினார், நெருப்பில் இறங்க அல்ல, எழுத்துக்குள் இறங்க. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் வேறு ஊருக்கு, வேறு வேலைக்கு, வேறு வாழ்க்கைக்குப் போனார்கள். அவர்களையும் அன்று பண்ணையார்கள் நன்றி கெட்டவர்கள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கூட்டத்தின் "நம்ம" எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்குப் பழங்கதை தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்துவார் பக்கம் ரோஷ்னாபாத் கிராமத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் சிலர் கூடிப் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று சாதி சொல்லித் திட்டினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அதே வந்தனா மூன்று கோல் போட்டிருந்தார், ஒலிம்பிக்கில் ஓர் இந்தியப் பெண் அடித்த முதல் ஹாட்ரிக். அவர் அணி மாறவில்லை. நாட்டின் சட்டையில்தான் ஆடினார். ஆனாலும் பட்டாசு வெடித்தது.

ஆகவே எங்கள் ஒன்றியத்துத் தோழர்களுக்கும், விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கும் நடைமுறை விஷயம் ஒன்று. எங்களிடம் வந்த ஒரு சிக்கல்: கபடி ஆடும் முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர், கட்டணச் சலுகையில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தார். வாக்குக் கொடுத்த விடுதி வசதி கிடைக்கவில்லை, காலில் அடிபட்டபோது வைத்தியச் செலவு அவருடைய அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலியில் போனது. வேறு கல்லூரி அழைத்தது. கிளம்பும்போது, இதுவரை தள்ளுபடி செய்த கட்டணம் முழுவதையும் கட்டினால்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்கள் என்றார்கள். உன்னை எவ்வளவு வளர்த்தோம் என்ற வசனமும் கூடவே வந்தது. பக்கத்துத் தெரு நண்பர்களே கல்லூரி பக்கம் பேசியதுதான் அவரை உடைத்தது.

அமெரிக்காவில் போர்ட்டல் திறந்த அதே 2018 அக்டோபரில், இங்கே பல்கலைக்கழக மானியக் குழு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. மாணவரின் அசல் சான்றிதழ்களைச் சேர்க்கையின்போது சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தந்துவிட வேண்டும், எந்தக் கல்லூரியும் அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது அது. இந்த அறிவிக்கையின் நகலை இணைத்து முதல்வருக்கு எழுத்தில் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் இல்லை என்றால் இணைவுப் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கும் மானியக் குழுவுக்கும் அதே மனுவை அனுப்புங்கள். சேரும்போது கொடுத்த வாக்குறுதிகளை, விடுதி, உணவு, வைத்தியம் எதுவானாலும், தாளில் கேட்டு வாங்குங்கள். தனியாகப் போய் நிற்காதீர்கள், எங்களில் இருவர் கூட வருவோம். மேலே சொன்ன மாணவரின் சான்றிதழ்கள் மூன்றாவது மனுவில் வந்தன. இந்தப் பொங்கலுக்கு அவர் புதுக் கல்லூரியின் சட்டையோடு ஊருக்கு வருகிறார், நம் காலனி டீமில் ஆட முடியாது. கைதட்டத் தெரிந்தவர்கள் மைதானத்துக்கு வந்துவிடுங்கள்.